தறிப்பேச்சு

அத்தியாயம் 12

சின்னவள் பல்கலைக்கழக நூலகத்து வேலையை விட்டுவிட்டாள். தலைமை நூலகரின் அறைக்குள் போய், உட்காரச் சொல்லியும் உட்காராமல், இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டு அவள் வெளியே வந்ததை நாம் பார்த்தோம். வீட்டில் யாரும் பார்க்கவில்லை.

அண்ணனிடம் சொல்லலாம். கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்ப்பான், பிறகு "சாப்பிட்டியா?" என்பான். அம்மாவிடம்தான் முடியாது. இன்றைய நாடகம் முடிகிறவரைக்குமாவது முடியாது.

அம்மா கல்யாணத்துக்கு முன்பிருந்து மில் மூடுகிறவரைக்கும் தறிக்கொட்டகையில் நின்றவள். முந்நூறு தறி ஒன்றாக ஓடிய இடம். காது அங்கேயே போய்விட்டது. முழுக்கப் போகவில்லை. இடி இடித்தால் கேட்கும், கதவை அறைந்து சாத்தினால் கேட்கும், பெற்ற பிள்ளை கூப்பிட்டால் கேட்காது. சின்னவளுக்கு நூலகத்தில் வேலை கிடைத்த வாரம், அம்மா அதைப் பார்க்கப் போனாள். 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்குக் கீழே நின்று, வாசிப்புக்கூடம் முழுக்க வாய்மூடி உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு அந்தப் பலகையைத் தொட்டுப் பார்த்தாள். வீடு திரும்பும் வழியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் ஒரே விஷயம்தான்: "என் பொண்ணு வேலை பாக்கிற இடத்துல குண்டூசி விழுந்தா கேக்கும்."

அந்த வேலையைத்தான் சின்னவள் விட்டிருந்தாள். அதே தறிக்கொட்டகைக்குப் போய் நிற்பதற்காக.

கொட்டகை இப்போது நாடக அரங்கம். அவள் நடிக்கிற பல்கலைக்கழகத்து நாடகக் குழு மூன்று மாதம் வெளியூர்களில் நாடகம் போடப் போகிறது. அவ்வளவு விடுப்பு நூலகத்தில் கிடையாது. வேலையா நாடகமா என்று வந்தபோது அவளுக்கு யோசிக்க ஒரு மத்தியானம்தான் தேவைப்பட்டது. அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்க ஒரு வாரம் போதவில்லை.

அம்மா கண்ணாடி முன் நின்று தலைவாரிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்குள் பின்னால் தெரிந்த மகளிடம் பேசினாள்.

"நிஜமாவே சத்தமில்லாமதான் பேசப் போறியா?"

"ஒரு காட்சி மட்டும். தறி நாலும் ஓடும். அதுக்கு நடுவுல நான் பேசுவேன். யாருக்கும் கேக்காது."

"யாருக்கும் கேக்காதுன்னா எதுக்கு டிக்கெட் போடறாங்க?"

"உனக்குப் புரியும்ல?"

"எனக்குப் புரியறதுக்கு எதுக்குடி டிக்கெட்? இங்கேயே பேசிட்டுப் போயேன்."

சின்னவள் இதையெல்லாம் குரல் இல்லாமல்தான் சொன்னாள். உதட்டைப் பெரிதாக விரித்து, கன்னத்தையும் புருவத்தையும் சேர்த்து அசைத்து, வேண்டிய இடத்தில் கையையும் போட்டு. தறி இரைச்சலில் கத்தினாலும் காது கேட்காது என்பதால் கொட்டகையில் எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள். தறிப்பேச்சு என்று பெயர். அம்மா அதை வீட்டுக்கும் கொண்டுவந்தாள். பிள்ளைகள் இரண்டும் குரல் வருவதற்கு முன்பே அதைக் கற்றுக்கொண்டன. இந்த வீட்டில் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு யாரும் கத்துவதில்லை. தலையை நீட்டினால் போதும். பள்ளிக்கூடத்திலும் பேருந்திலும் அண்ணனும் தங்கையும் ஊரையே கேலி செய்துகொண்டு போவார்கள். யாருக்கும் ஒன்றும் புரியாது.

"இன்னைக்கு நூலகம் லீவா?" என்றாள் அம்மா.

சின்னவள் குனிந்து செருப்பு வாரை மாட்டினாள். இந்த வீட்டில் பொய் சொல்ல வேண்டுமென்றால் முகத்தைக் காட்டக்கூடாது. முகத்தைக் காட்டாவிட்டாலே பொய் என்று தெரிந்துவிடும். நல்லவேளையாக வாசலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"கிளம்பலாமா? இல்ல இன்னும் சீவிட்டே இருக்கப் போறியா? இருக்கிறது நாலு முடி."

பக்கத்துத் தறி வந்துவிட்டாள். அவளுக்கு வேறு பெயர் உண்டு, யாரும் சொல்வதில்லை. அம்மாவின் தறிக்கு அடுத்த தறியில் நின்றவள். பிள்ளைகளுக்கு அவள் பக்கத்துத் தறி அத்தை.

*

இரண்டு பெண்களும் கால்வாய் ஓரமாக நடந்தார்கள். சின்னவள் முன்னாலேயே ஓடிவிட்டாள்.

மில் வளாகத்துக்குள் அம்மா கால் வைத்துப் பல காலம் ஆகிறது. கோபம் ஒன்றும் இல்லை. நாடகம், கச்சேரி, சினிமா என்று பல்கலைக்கழகம் அங்கே என்னென்னவோ நடத்துகிறது. காது கேட்காதவளுக்கு அதில் என்ன என்று இருந்துவிட்டாள். மகன் அங்கேதான் விளக்கு போடுகிறான் என்பது தெரியும். விளக்கை வீட்டிலும் போடலாமே என்று அவள் கேட்பது வழக்கம்.

சாயப்பட்டறை நீச்சல்குளமாகியிருந்தது. ஒருகாலத்தில் நீலமும் சிவப்புமாக ஓடிய தண்ணீர் இப்போது கண்ணாடி மாதிரி இருந்தது. அதில் ஒரு கிழவர் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தார். கொதிகலன் அறைக்குள் ஓவியங்கள். நூல் கிடங்கில் மாணவர்கள் காப்பிக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு மடிக்கணினியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பஞ்சு பிரிக்கிற அறையின் வாசலில் ஒரு பலகை இருந்தது. பக்கத்துத் தறி அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"மூச்சுப் பயிற்சி வகுப்பு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இங்கேயா?" என்றாள் அம்மா.

"இங்கேதான். நாம மூச்சு முட்டி இருமின இடத்துல காசு குடுத்து மூச்சு விடறாங்க."

"நமக்கு ஓசியிலேயே நிறுத்தக் கத்துக்குடுத்தாங்க."

சிரித்துச் சிரித்து அம்மா சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. அந்தச் சிரிப்போடுதான் கொட்டகைக்குள் நுழைந்தாள். நுழைந்ததும் சிரிப்பு நின்றது.

இவ்வளவு பெரிய இடமா?

தறிகள் இல்லை. தூண் தூணாக இரும்பு மட்டும், மேலே ரம்பப் பல் மாதிரி மடிந்து மடிந்து போகும் கூரை, ஒவ்வொரு மடிப்பிலும் கண்ணாடி, கண்ணாடி வழியாக நிழலே விழாத ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சத்தின் கடைசியில், வெகு தூரத்தில், ஒரு செங்கல் சுவர். அதில் வளைவு வளைவாக வரிசையாக ஜன்னல்கள்.

"அந்தச் சுவரு எப்பக் கட்டினாங்க?" என்று கேட்டாள் அம்மா.

"எப்பவும் இருந்ததுதான்."

"நான் பார்த்ததே இல்லையே."

"எங்க பாக்கிறது? பஞ்சுத் தூசி. அப்புறம் நம்ம தறிதான் நமக்கு உலகம்." பக்கத்துத் தறியும் அந்தச் சுவரையே பார்த்தாள். "நானும் பார்த்ததில்லைதான்."

ஆயுளில் பாதியை நின்று கழித்த ஓர் அறையின் எதிர்ச்சுவரை முதல்முறையாகப் பார்க்கிற இரண்டு பெண்கள், வழியை மறித்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். பின்னால் வந்த மாணவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

*

இன்றைக்கு முன்னோட்டக் காட்சி. நாற்காலிகளில் பாதி மாணவர்களுக்கு, பாதி பழைய மில்காரர்களுக்கு. மேடையில் திரை கிடையாது. துடைத்து எண்ணெய் போட்ட நான்கு தறிகள் மட்டும். அவற்றை ஓட்டுவதற்கு ஒரு ஃபிட்டர்.

விளக்கு அறை இடதுபக்கச் சுவரில், மேடைக்கும் முதல் வரிசைக்கும் நடுவே, உயரத்தில் துருத்திக்கொண்டிருந்தது. கண்ணாடி போட்ட கூண்டு. முன்பு மேஸ்திரி உட்கார்ந்து கொட்டகை முழுவதையும் கண்காணித்த இடம். இப்போது அங்கே அண்ணன் உட்கார்ந்திருந்தான். இடதுபுறம் திரும்பினால் மேடை, வலதுபுறம் திரும்பினால் பார்வையாளர்களின் முகங்கள்.

அவனுக்குப் பக்கத்தில் நாடகத்தை இயக்கும் பேராசிரியை நின்றிருந்தார். அவர் விரல் ஒரு பொத்தானைத் தொடாமல் தொட்டுக்கொண்டிருந்தது.

"இதை மறந்துடாதீங்க," என்றார். "தறிக் காட்சியில கூட்டம் நெளிய ஆரம்பிச்சா உடனே போட்டுடுங்க. அவ பேசறது பின்சுவர்ல எழுத்தா வரும்."

"எழுத்து வேண்டாம்னு அவ சொல்றா மேடம்."

"தெரியும். எனக்கும் ஆசைதான். ஆனா நாலு நிமிஷம் ஒண்ணுமே புரியாம இரைச்சலை மட்டும் கேட்டுட்டு யாரு உக்காருவாங்க? நானே உக்கார மாட்டேன்."

சின்னவள் மேடை ஓரத்தில் வந்து நின்று அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். விளக்கு சரியாக விழுகிறதா என்று கையைக் காட்டினாள். அவன் கட்டைவிரலைத் தூக்கினான். பிறகு, நேரம் இருந்ததால், கண்ணாடிக்குப் பின்னாலிருந்து தறிப்பேச்சில் கேட்டான்.

"வெளியூர் போறதுக்கு நூலகத்துல லீவு குடுத்துட்டாங்களா?"

அவள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு சொல்லிவிட்டாள்.

"லீவு இல்ல. வேலையை விட்டுட்டேன். அம்மாகிட்ட இப்பச் சொல்லாதே. நாடகம் முடியட்டும், நானே சொல்லிக்கறேன்."

நன்றாக வாயை விரித்து, தெளிவாக, நெஞ்சில் கைவைத்து, முழு வெளிச்சத்தில் நின்று சொன்னாள்.

பள்ளிக்கூடத்திலும் பேருந்திலும் நூலகத்திலும் எத்தனையோ வருஷமாகச் செய்கிற காரியம். எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு அது தாய்மொழி என்பது அந்த நொடியில் அவளுக்கும் தோன்றவில்லை, அண்ணனுக்கும் தோன்றவில்லை.

அண்ணன் வலதுபுறம் திரும்பியபோதுதான் அது தெரிந்தது. நூற்றுக்கணக்கான வயதான தலைகள், காற்று அடித்த பயிர் மாதிரி, ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தன. அவை திரும்பிய இடத்தில் அம்மா குனிந்து, கைப்பையை நாற்காலிக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அம்மா பார்க்கவில்லை. பக்கத்துத் தறி பார்த்துவிட்டாள். சட்டென்று முந்திக்கொண்டு, "மேல பாரேன், கூரையில புறா," என்று அம்மாவின் முகவாயைப் பிடித்துத் தூக்கினாள்.

"எங்கடி புறா?"

நடைபாதைக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவி அம்மாவின் கண்ணில் படுகிற மாதிரி கையை ஆட்டினாள். "உன் பொண்ணு வேலையை விட்டுட்டாளாமே!"

"எந்தப் பொண்ணு?"

"உனக்கு எத்தனை பொண்ணு இருக்கு? அதோ, மேடையில நிக்கிறாளே."

"லைப்ரரி வேலையை," என்று இரண்டு வரிசைக்கு முன்னாலிருந்து ஒருவர் திரும்பி விளக்கம் சொன்னார்.

"உன்கிட்டச் சொல்ல வேண்டாம்னு சொன்னா," என்றாள் இன்னொருத்தி. "நாடகம் முடிஞ்சதும் சொல்றாளாம். அதனால நாங்க யாரும் சொல்லலை."

இத்தனையும் நடந்தது ஒரு முணுமுணுப்புகூட இல்லாமல். நடுவில் உட்கார்ந்திருந்த மாணவர்களுக்கு எதுவுமே தெரியாது. பெரியவர்கள் ரொம்ப அமைதியாக இருக்கிறார்கள் என்று ஒரு பையன் பக்கத்துப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

அம்மா மேடையைப் பார்த்தாள். மேடையில் சின்னவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அம்மா குனிந்து கைப்பையை எடுத்தாள். எழுந்தாள்.

"உக்காரு," என்று பக்கத்துத் தறி கையைப் பிடித்தாள். அம்மா உதறிவிட்டு நடைபாதைக்கு வந்தாள். அதற்குள் வாசல் கதவை மூடிவிட்டார்கள். பேராசிரியை அண்ணனின் தோளைத் தட்டினார். கூரைக் கண்ணாடிகளைக் கறுப்புத் துணி மூடியது, அரங்கத்து விளக்குகள் அணைந்தன.

*

முதல் இரண்டு காட்சிகளும் நன்றாகப் போயின என்று பிறகு சொன்னார்கள். அண்ணனுக்கு ஒன்றும் நினைவில்லை. விரல்கள் தாமாக விளக்கு மாற்றின. கண் முழுக்க நடைபாதை இருட்டில் இருந்தது. அம்மா போகவும் இல்லை, உட்காரவும் இல்லை. ஒரு தூணில் சாய்ந்து நின்றிருந்தாள், பை தோளில்.

மேடையில் சின்னவள் ஒரு வசனத்தை மறந்து, வேறொன்றைப் போட்டு, சமாளித்தாள்.

பிறகு தறிக் காட்சி.

ஃபிட்டர் கையை இறக்கினார். முதல் தறி ஒரு முறை இருமிவிட்டு ஓடியது. இரண்டாவது, மூன்றாவது. நான்காவதும் சேர்ந்தபோது அது சத்தமாகவே இல்லை. நெஞ்செலும்புக்குள் ஏதோ புகுந்துகொண்ட மாதிரி இருந்தது. கூண்டின் கண்ணாடி அதிர்ந்தது. மாணவர்கள் பலர் காதைப் பொத்திக்கொண்டார்கள். இது வெறும் நான்கு. இங்கே முந்நூறு ஓடியது என்று எண்ணிப் பார்த்த ஒரு பெண் வாயைத் திறந்தபடி கூரையைப் பார்த்தாள்.

தறிகளுக்கு நடுவே சின்னவள் பேச ஆரம்பித்தாள். மேஸ்திரியின் புதுச் சட்டையைப் பற்றி ஏதோ சொன்னாள். முன்வரிசையில் கிழவிகளின் தோள்கள் குலுங்கின. மாணவர்கள் சிரிக்கவில்லை, யார் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தேடினார்கள். ஒரு பையன் கைபேசியை எடுத்தான். இன்னொருவன் எழுந்து போவதற்கு வழி பார்த்தான்.

"நெளியறாங்க," என்று அண்ணனின் காதில் கத்தினார் பேராசிரியை. "போடுங்க!"

அண்ணனின் விரல் பொத்தானுக்குப் போனது.

மேடையில் சின்னவளின் முகம் மாறியது. அவள் நடிக்கிற தறிக்காரியின் குழந்தைக்குக் காய்ச்சல் என்று வீட்டிலிருந்து ஆள் வந்திருக்கிறது. தறியை நிறுத்தினால் கூலி போய்விடும். அவள் பக்கத்துத் தறிக்காரியிடம் கேட்கிறாள். மேடையில் பக்கத்துத் தறிக்காரி கிடையாது. அதனால் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"குழந்தைக்குக் காய்ச்சல். ஓடிப் போய்ப் பார்த்துட்டு வந்துடறேன். என் தறியைப் பார்த்துக்கிறியா?"

எழுதி வைத்தபடி இத்துடன் அந்தக் காட்சி முடிகிறது. கேள்வியோடு அவள் நிற்பாள், தறிகள் நிற்கும், இருள்.

ஆனால் கொட்டகையில் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது தறியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் பதில் சொல்லியாக வேண்டும். சும்மா இருந்தால், அந்த இரைச்சலில், கேட்டதைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். கேட்டவள் போக முடியாமல் நிற்பாள்.

மேடையின் வெளிச்சம் எட்டிய முன்வரிசையில் ஒரு கிழவியின் உதடு அசைந்ததை அண்ணன் பார்த்தான். அவளுக்கு அடுத்தவளின் உதடும். அதற்குப் பின்னால் இருட்டு. மேடையில் நிற்பவளுக்கு விளக்குகள் நேரே கண்ணில் அடிக்கின்றன. அவளுக்கு அதுகூடத் தெரியாது. பதில் வந்திருக்கிறது, கேட்டவள் பார்க்கவில்லை. அவன் விரல் எழுத்துப் பொத்தானை விட்டது. அரங்கத்து விளக்குகளின் பிடியை மேலே தள்ளினான், மெதுவாக, முழுவதும்.

"என்ன பண்றீங்க!" என்றார் பேராசிரியை.

கொட்டகையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை முகங்கள். அத்தனை முகங்களும் பேசிக்கொண்டிருந்தன. சுருங்கிய உதடுகள் விரிந்து மூடின, புருவங்கள் ஏறின, கைகள் நெஞ்சைத் தொட்டு மேடையை நோக்கி நீண்டன. வெவ்வேறு வரிசையில், வெவ்வேறு வேகத்தில், ஒருவர் பேசுவது இன்னொருவருக்குத் தெரியாமல், எல்லோரும் அவள் ஒருத்தியிடம் பேசினார்கள். ஓர் ஓசை எழவில்லை. எழுந்திருந்தாலும் தறிகள் விழுங்கியிருக்கும்.

மாணவர்கள் மேடையைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். நாற்காலியில் முழங்கால் போட்டுத் திரும்பி, பின்னால் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார்கள். கைபேசி எடுத்த பையன் அதைக் கையில் வைத்துக்கொண்டு மறந்துபோயிருந்தான்.

"என்ன சொல்றாங்க?" பேராசிரியை அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தார். "சொல்லுங்க! என்ன சொல்றாங்க?"

அவன் வரிசை வரிசையாகப் படித்து அவர் காதருகே உரக்கச் சொன்னான்.

"'நான் பார்த்துக்கறேன், நீ ஓடு.' 'குழந்தைக்கு என்ன, வாந்தி இருக்கா?' 'போ போ, நான் இருக்கேன்.' 'பின்வாசல் வழியா போ.' அது பக்கத்துத் தறி அத்தை, 'ஈரத்துணி போடு நெத்தியில.' 'போ தாயி.' 'போம்மா...'" அவன் நிறுத்தினான். "நாலாவது வரிசையில இருக்கிறவர் முன்னால மேஸ்திரியா இருந்தவர்."

"அவர் என்ன சொல்றார்?"

"'போம்மா. நான் பாக்கலை.'"

பேராசிரியை கண்ணாடியில் இரு கைகளையும் ஊன்றி நெற்றியை வைத்துக்கொண்டார். நாடகம் நாடகம் என்று இத்தனை வருஷம் படித்தவர், படிப்பித்தவர். இப்படி ஒரு கூட்டத்தை அவர் பார்த்ததில்லை என்பது அவருடைய முதுகிலேயே தெரிந்தது.

மேடையில் சின்னவள் அசையவில்லை. இவ்வளவு பதிலை வாங்கிக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாதவள் மாதிரி நின்றாள். ஃபிட்டர் தறிகளை நிறுத்துவதற்கு அண்ணனின் சிவப்பு விளக்கை எதிர்பார்த்து மேலே பார்த்தார். சின்னவள் கையைத் தாழ்த்திக் காட்டினாள்: இரு.

அவள் நடைபாதையைப் பார்த்தாள். அங்கே தூணில் சாய்ந்து நின்ற ஒரே ஒரு முகம் மட்டும் பதில் சொல்லவில்லை.

"அம்மா," என்றாள். "வேலையை விட்டுட்டேன். உன்கிட்ட முதல்ல சொல்லியிருக்கணும். பயமா இருந்தது."

இது நாடகத்தில் இல்லை என்பது மில்காரர்களுக்கு உடனே புரிந்துவிட்டது. எல்லாத் தலைகளும் தூணுக்குத் திரும்பின. மாணவர்களின் தலைகளும் கூடவே திரும்பின.

அம்மாவின் வாய் இறுகியிருந்தது. தறிகள் ஓடின. நாற்காலிகள் அதிர்ந்தன. கூண்டுக்குள் பேராசிரியை அண்ணனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்?" என்றாள் அம்மா. ஒரே சொல். இவ்வளவு தூரத்திலிருந்தும் தெளிவாகத் தெரிந்தது.

"அங்க யாரும் யார் முகத்தையும் பாக்கறதில்லம்மா. எல்லாரும் குனிஞ்சே இருக்காங்க. நீ வந்து பார்த்தியே, எவ்வளவு அமைதியா இருக்குன்னு சொன்னியே. நான் தினமும் அதுக்குள்ள உக்காந்திருந்தேன்." சின்னவள் மூச்சு வாங்கினாள். "இங்க பாரு. திரும்பிப் பாரு."

அம்மா திரும்பினாள். இவ்வளவு நேரமும் மேடையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவள், இப்போதுதான் கூட்டத்தைப் பார்த்தாள். சாயப்பட்டறைக்காரர்கள், நூல் கிடங்குக்காரர்கள், அவளோடு ஷிஃப்ட் மாறியவர்கள், பெயர் மறந்துபோனவர்கள், செத்துப்போயிருப்பார்கள் என்று அவள் நினைத்திருந்த இரண்டு பேர். எல்லோரும் நிமிர்ந்த முகத்தோடு. நடுநடுவே இருபது வயசுப் பிள்ளைகள், என்ன நடக்கிறதென்று தெரியாமலேயே கண் கலங்கி.

தறியில் நின்ற காலத்தில் அவளுக்கு இடமும் வலமும் ஒவ்வொரு முகம்தான் தெரியும். அந்தக் கொட்டகை முழுவதும் ஒரே சமயத்தில் பேசி அவள் பார்த்ததில்லை. யாரும் பார்த்திருக்க முடியாது, அந்தக் கூண்டில் உட்கார்ந்திருந்த மேஸ்திரியைத் தவிர.

அவள் மேடைக்குத் திரும்பினாள்.

"சரி சரி. தறி ஓடுது, எண்ணெய் வீணாகுது. நாடகத்தை முடி. வீட்டுல வெச்சுக்கறேன்."

சொல்லிவிட்டுக் கைக்கு எட்டிய முதல் நாற்காலியில் உட்கார்ந்தாள். அது ஒரு மாணவனுடைய இடம். அவன் இடுக்கில் நகர்ந்து, பாதி நாற்காலியில் தொற்றிக்கொண்டு, அவளுடைய பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

அண்ணன் சிவப்பு விளக்கைப் போட்டான். தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. அம்மாவுக்கு அது காலில் தெரிந்தது, தரை அடங்கியது.

மற்றவர்களுக்கு அது காதில் தெரிந்தது. கூரைக் கண்ணாடியில் நடக்கும் ஒரு புறாவின் நகச் சத்தம்வரை கேட்டது. அந்த அமைதியைக் கலைக்க யாருக்கும் மனசு வரவில்லை. கைதட்டல் வெகு நேரம் கழித்துத்தான் வந்தது. அதை ஆரம்பித்தவர்கள் மாணவர்கள்.

*

எல்லாம் முடிந்து, கூட்டம் கலையாமல் கும்பல் கும்பலாக நின்று சத்தமில்லாமல் பேசிக்கொண்டிருந்தபோது, பேராசிரியை அம்மாவைத் தேடிக்கொண்டு வந்தார். முகத்தைச் சரியாகத் துடைக்காமலேயே சின்னவளும் வந்தாள். நடுவில் அண்ணன், மொழிபெயர்க்க.

"எழுத்தெல்லாம் கிடையாது, தூக்கிப் போட்டாச்சுன்னு சொல்லுங்க," என்றார் பேராசிரியை. "இன்னைக்கு நடந்த மாதிரியேதான் எல்லா ஊர்லயும். விளக்கைப் போட்டு, காத்திருந்து. உங்க பொண்ணு இல்லாம இந்த நாடகமே இல்லைன்னு சொல்லுங்க."

அண்ணன் சொன்னான். அம்மா அதை ஏற்றுக்கொண்ட மாதிரியும் தெரியவில்லை, மறுத்த மாதிரியும் தெரியவில்லை. சின்னவளின் காதோரம் ஒட்டியிருந்த ஒப்பனைச் சாயத்தைப் பெருவிரலால் அழுத்தித் துடைத்தாள். வலித்திருக்கும், சின்னவள் தலையை நகர்த்தவில்லை.

"என்னென்ன ஊரு?" என்று கேட்டாள் அம்மா.

"முதல்ல துறைமுகத்து ஊர்," என்றான் அண்ணன். "அப்புறம் தலைநகரம். அப்புறம் மலைமேல ஒரு கல்லூரி."

"அங்கெல்லாம் மில்லு இருக்கா?"

"இல்லம்மா."

"இருந்துதா?"

அண்ணன் பேராசிரியையைக் கேட்டான். அவர் யோசித்துவிட்டு இல்லையென்று தலையசைத்தார்.

அம்மா மேடையில் நின்றிருந்த நான்கு தறிகளையும் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். இத்தனை நேரம் தறிப்பேச்சில் பேசியவள், இப்போது வாய்விட்டுக் கேட்டாள். காது கேட்காதவர்களின் குரல் எப்போதும் கொஞ்சம் உரக்கத்தான் வரும். கொட்டகையில் அது எதிர்ச்சுவர்வரை போனது.

"அப்ப அங்க இவ இப்படி நின்னு கேட்டா, யாரு பதில் சொல்லுவா?"

பேராசிரியை அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சின்னவளைப் பார்த்தான். இந்தத் தடவை மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் நன்றாகவே கேட்டிருந்தது.